எந்த வண்டிக்கு எழுதிய புத்தகம்?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் நிற்கிறது. 1985-இல் அப்பா புதிதாக வாங்கிய மார்க் 4, பெட்ரோல் வண்டி. அக்கா கல்யாணத்தில் பூச்சரம் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது. தாத்தாவை நள்ளிரவில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தது. இன்றும் ஓடுகிறது. முப்பது வருடம் அதைத் தன் கைப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணன், கண்பார்வை மங்கிப்போய் ஷெட்டை மூடிய நாளில்தான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. ஊரில் நல்ல மெக்கானிக்குகள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் தொழில் பழகிய வண்டிகள் வேறு. கம்ப்யூட்டரைச் சொருகினால் கோளாறைச் சொல்லிவிடும் வண்டிகளில் வளர்ந்த பையன்களைக் கூப்பிட்டு, சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்துக் கொடு என்று கேட்பது நியாயமில்லை. நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அது கிடைத்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காருக்கான பணிமனைக் கையேடு. முதுகு கிழிந்திருந்தது, பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கைரேகை. அம்பாசடர் என்பதே இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை எடுத்துவந்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்திலுள்ள உத்தர்பாராவில் செய்த வண்டிதானே. அந்தச் சந்தோஷத்தில் விலைகூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

அந்த வாரமே பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. புத்தகத்தின் ஒயரிங் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். பேட்டரியின் பிளஸ் முனை பாடிக்குப் போவதாகப் படம் சொன்னது. புதுப் பேட்டரியை அப்படியே திருப்பி வைத்து ஒயரை மாட்டப் போன நேரத்தில், அப்பாவைப் பார்க்க மெக்கானிக் அண்ணன் வந்தார். கண் மங்கினாலும் பேட்டரி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“தம்பி, கைய எடு. இது எந்த வண்டிக்கு எழுதுன புக்கு?”

“நம்ம வண்டிதாண்ணே. மாரிஸ் ஆக்ஸ்போர்டு.”

“மாரிஸ் இதுக்குத் தாத்தா. தாத்தா ஜாதகத்த வச்சுப் பேரனுக்குப் பொருத்தம் பாப்பியா?”

1950-களின் ஆங்கிலேயக் கார்களில் பிளஸ் முனையைப் பாடியோடு இணைப்பது வழக்கமாக இருந்தது. டைனமோ வைத்த வண்டிக்கு அது சரி. எங்கள் வண்டியிலோ தொண்ணூறுகளில் அப்பா டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்; மைனஸ் முனைதான் பாடிக்குப் போகும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அந்த நொடியிலேயே கருகிவிடும். புத்தகத்தில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. அது எங்கள் வண்டிக்கு எழுதிய புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

பழைய காருக்குக் கையேடு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடைக்குப் போவதற்கு முன் பானெட்டைத் திறங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருடம் போதாது. எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கார்ப்ரேட்டர் எந்தக் கம்பெனியுடையது, டைனமோவா ஆல்டர்னேட்டரா, கியர் ஸ்டியரிங் பக்கத்திலா தரையிலா என்பதையெல்லாம் அதே தாளில் குறியுங்கள். அம்பாசடர் என்ற ஒரே பெயரில் எத்தனை வண்டிகள் வந்தன என்று பாருங்கள். தொடக்கத்தில் 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். 1959-இல் பி.எம்.சி. குடும்பத்தின் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சின். பிறகு டீசல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின், அதோடு ஐந்து கியர் பெட்டி. 2014-இல் உற்பத்தி நின்றபோது வெளியே வந்த வண்டிக்கும் முதல் வண்டிக்கும் உருவத்தில்தான் உறவு. இசுசு எஞ்சின் வைத்திருப்பவருக்கு மாரிஸ் புத்தகத்தின் எஞ்சின் அத்தியாயம் எதற்கும் உதவாது. ஸ்பானர்கூட மாறிவிடும், பழைய எஞ்சினுக்கு அங்குல ஸ்பானர், ஜப்பான் எஞ்சினுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர்.

இந்தியாவில் ஓடிய பழைய கார்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பிறந்த வீட்டுப் பெயர் உண்டு. அது தெரியாமல் புத்தகம் தேடினால் கிடைக்காது. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர் ஃபியட் 1100 டி என்று தேட வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு டிரையம்ஃப் ஹெரால்டு என்று தேட வேண்டும். அந்தக் காருக்கு இங்கிலாந்தில் ரசிகர்கள் அதிகம், புத்தகமும் எளிதில் கிடைக்கும். மாருதி ஜிப்ஸி என்றால் சுசுகி எஸ்.ஜே. வரிசை. ஆம்னி என்றால் சுசுகி கேரி. மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2000-த்தை ஒட்டி அதில் கார்ப்ரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. முன்னதற்கு எழுதிய பெட்ரோல் அத்தியாயம் பின்னதற்குச் செல்லாது.

வண்டி இன்னதென்று தெரிந்தபிறகு, யார் எழுதிய புத்தகம் என்ற கேள்வி வரும். கார் செய்த கம்பெனியே எழுதிய கையேடு ஒரு வகை. அது கம்பெனியின் சொந்தப் பணிமனை ஆட்களுக்காக எழுதப்பட்டது. எந்த நட்டை எத்தனை இறுக்கம் இறுக்க வேண்டும், எந்த பேரிங்கில் எத்தனை இடைவெளி இருக்கலாம் என்பதற்கெல்லாம் கடைசிச் சொல் அதுதான். ஆனால் அதை எழுதியவருக்குத் தன் வாசகன் ஏற்கெனவே தொழில் தெரிந்தவன் என்ற எண்ணம் இருக்கிறது. “கியர் பெட்டியைக் கழற்றவும்” என்று ஒரே வரியில் போய்விடும். எந்த போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஒளிந்திருக்கிறது, கழற்றும்போது எது நம் தலையில் விழும் என்பதை அது சொல்லாது. பல வேலைகளுக்கு அந்தக் கம்பெனிக்கென்றே செய்த விசேஷக் கருவியின் எண்ணைச் சொல்லி, அதைப் பயன்படுத்தச் சொல்லும். அந்தக் கருவி நம்மிடம் இருக்காது.

இந்த எரிச்சலில்தான் இன்னொரு வகைப் புத்தகமே பிறந்தது. அதன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை, ஏனென்றால் அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது.

ஜான் ஹெய்ன்ஸ் 1938-இல் அன்றைய சிலோனில் பிறந்தார். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட நிர்வாகி. படிப்புக்காகப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பள்ளி விடுதியில் இருக்கும்போதே ஒரு பழைய ஆஸ்டின் 7 காரை வாங்கி, பிரித்து, சின்ன ரேஸ் கார் போல மாற்றிக் கட்டினார். அதை விற்க விளம்பரம் கொடுத்தபோது ஏகப்பட்ட பேர் விசாரித்தார்கள். காரை வாங்க முடியாதவர்களுக்கு அதை எப்படிக் கட்டினேன் என்று தெரிந்துகொள்ளவாவது ஆசை இருக்கும் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. 1956-இல் கையால் படம் வரைந்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 250 பிரதிகள் பத்து நாளில் தீர்ந்தன.

பிறகு விமானப்படையில் சேர்ந்து ஏடனுக்குப் போனார். அங்கே நண்பர் ஒருவர் அடிபட்டுத் தேய்ந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு இவரிடம் உதவி கேட்டார். கம்பெனிக் கையேட்டைப் புரட்டினால் சாதாரண ஆளுக்கு அதில் வழியே தெரியவில்லை. ஹெய்ன்ஸ் ஒரு கேமரா வாங்கினார். இருவருமாக எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு படியையும் படம் எடுத்தார்கள். 1966-இல் அது முதல் ஹெய்ன்ஸ் கையேடாக வெளிவந்தது. முதல் பதிப்பின் 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுப்போயின. அதன்பிறகு உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற வரிசை அது. இங்கிலாந்தில் சோமர்செட்டின் ஸ்பார்க்ஃபோர்டு என்ற கிராமத்தில் ஒரு காரை வாங்கி, முழுக்கப் பிரித்து, மாட்டி, அந்த அனுபவத்திலிருந்து எழுதுவதே ஹெய்ன்ஸ் கம்பெனியின் வழியாக இருந்தது. ஹெய்ன்ஸ் 2019-இல் காலமானார்.

நான் அந்தப் புத்தகங்களை மதிக்கும் காரணம் அந்தக் கேமராவில் இருக்கிறது. படத்தில் தெரிவது அழுக்குப் படிந்த நிஜ எஞ்சின், கிரீஸ் பூசிய நிஜக் கை. எழுதியவர் அந்த போல்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து ஸ்பானர்கள் வரை சின்னப் படம் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்பானர் என்றால் புதியவரும் செய்யலாம். ஐந்து என்றால் தொழில் தெரிந்தவரிடம் விடு என்று பொருள். ஒருவருக்கு அவர் எல்லையை மரியாதையாகச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமலில்லை. “மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் முறை” என்ற ஒரு வரி அந்தப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும். கழற்றும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று நாம் குறித்து வைக்காவிட்டால் அந்த வரியால் பயனில்லை. இதற்கு மருந்து உதிரிபாகக் கேட்டலாக். பலரும் அதைக் கடைக்காரருக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து, மாட்டும் வரிசையிலேயே காற்றில் மிதப்பதுபோல் வரைந்திருப்பார்கள். வாஷர், ஸ்பிரிங், சர்க்கிளிப் எல்லாம் எது முன் எது பின் என்று ஒரே பார்வையில் தெரியும். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோடிலும் பாகம் தேடிப் போகும்போது அந்தப் படத்தைக் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம்.

அமெரிக்காவில் இன்னொரு மனிதர் வேறு விதமாக யோசித்தார். ஜான் மியூர் ஓர் எஞ்சினியர். வேலையை விட்டுவிட்டு நியூ மெக்சிகோவில் ஃபோக்ஸ்வாகன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். 1969-இல் அந்த ஒரே கம்பெனியின் கார்களுக்காக, எதுவுமே தெரியாதவனுக்கு என்று சொல்லி ஒரு கையேட்டைத் தானே வெளியிட்டார். பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த நுணுக்கமான கோட்டோவியங்கள் அதில் உண்டு. என்ன ஓசை வருகிறது, என்ன வாசம் அடிக்கிறது, வண்டி உன்னிடம் என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போகும் புத்தகம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைத் தைரியத்துக்கும், பென்ட்லி பதிப்பகம் வெளியிட்ட கம்பெனிக் கையேட்டை அளவுகளுக்கும் வைத்துக்கொள்வார்கள். என் முடிவும் அதுதான். பழைய காருக்கு ஒரு புத்தகம் போதாது, இரண்டு வேண்டும். அளவு சொல்ல ஒன்று, கை பிடித்துக் கூட்டிப்போக ஒன்று.

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு நான் இதை இப்படிச் செய்கிறேன். அந்த பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சின் இங்கிலாந்தில் எம்.ஜி. கார்களிலும் இருந்தது. எம்.ஜி.ஏ. காரின் முதல் எஞ்சின் இதே 1489 சி.சி.தான், பின்னால் வந்த எம்.ஜி.பி.யில் 1798 சி.சி. அந்தக் கார்களை உலகம் முழுக்க ஆசையாக வைத்திருப்பதால் அவற்றுக்கு அருமையான படக் கையேடுகள் உண்டு. எஞ்சினை எப்படித் திறப்பது என்று எம்.ஜி.பி. புத்தகத்தில் பார்க்கிறேன். ஓர் எண்ணைக்கூட அதிலிருந்து எடுப்பதில்லை. எண்களுக்கு மாரிஸ் ஆக்ஸ்போர்டு கையேடு.

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பெட் இடைவெளி வைப்பதை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் அண்ணன் இந்த வேலையைக் காதால் செய்தவர். ராக்கரின் டக்டக் ஓசையைக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்பார். எனக்கு அந்தக் காது இல்லை. புத்தகம் எனக்கு ஒரு கணக்கைக் கொடுத்தது. எஞ்சினில் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கித் திறந்திருக்கும்போது முதல் வால்வின் இடைவெளியை வைக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவது. இரண்டும் சேர்ந்து எப்போதும் ஒன்பது வரும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றி, திறந்திருக்கும் வால்வைப் பார்த்து, ஒன்பதிலிருந்து கழித்து, அந்த ராக்கருக்கடியில் ஃபீலர் கேஜைச் செருகினேன். எட்டையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஸ்டார்ட் செய்தபோது அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அளவுகளைப் படிக்கும்போது புத்தகம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். ஆங்கிலேயப் புத்தகத்தின் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கப் புத்தகத்தின் கேலன் 3.785 லிட்டர். இறுக்கம் பவுண்டு-அடியில் கொடுத்திருந்தால் 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். இந்த இடத்தில் குத்துமதிப்பு கூடவே கூடாது, சிலிண்டர் ஹெட் நட்டைப் பொறுத்தவரை சரியான இறுக்கம்தான் கேஸ்கட்டின் உயிர். சொற்களில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பானெட், டைனமோ, கட்ஜன் பின் என்று நம் ஷெட்டுகளில் புழங்குவதெல்லாம் ஆங்கிலேயச் சொற்கள். அமெரிக்கப் புத்தகத்தில் பானெட்டுக்கு ஹூட், கட்ஜன் பின்னுக்கு ரிஸ்ட் பின். அவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் என்பதால் டிரைவர் பக்கம் என்று எழுதினால் நமக்கு எதிர்ப்பக்கம்.

பழைய புத்தகம் சொல்வதில் இன்று பின்பற்றக்கூடாதவையும் இருக்கின்றன. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதித் தள்ளுவது அன்றைய பழக்கம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பாகங்களைப் பெட்ரோலில் கழுவச் சொல்லும் வரியையும் தாண்டிப் போங்கள். பழைய கையேடுகள் எழுதப்பட்டது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில். இந்தியாவில் அது 2000-இல் நின்றுவிட்டது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது பதம் பார்க்கும் என்பது எந்தப் பழைய புத்தகத்திலும் இருக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக்கூடாது என்பதைச் சில புத்தகங்கள் சொல்கின்றன, சில சொல்வதில்லை. எந்தப் புத்தகம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வண்டியில் இப்போது செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் நின்று படியுங்கள். உதாரணத்துக்குப் பின் சக்கர வீல் சிலிண்டர் மாற்றுவது. என்னென்ன கருவி வேண்டும் என்று முதலிலேயே சொல்கிறதா, வேலை பாதியில் இருக்கும்போதா? படத்தில் காட்டும் டிரம் உங்களுடையது போலிருக்கிறதா? துருப்பிடித்து வர மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? அந்த ஒரு வரி இருந்தால், எழுதியவர் தன் கையால் பழைய வண்டியைப் பிரித்தவர் என்று நம்பலாம். பின்பக்கம் திருப்பி, கோளாறு கண்டுபிடிக்கும் பகுதியையும் பாருங்கள். “மிஸ்ஸிங் ஆகுது”, “பிக்கப் இல்ல” என்றுதான் நமக்குக் கோளாறு தெரியும். பாகத்தின் பெயரால் தெரியாது. அறிகுறியிலிருந்து பாகத்துக்கு வழி சொல்லும் அட்டவணை இல்லாத கையேட்டை நான் வாங்குவதில்லை.

வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று என் மகள் கேட்டாள். நானும் வீடியோ பார்க்கிறேன். ஒரு கை எப்படித் திரும்புகிறது என்பதை அதைவிட நன்றாக எதுவும் காட்டாது. ஆனால் வீடியோவில் வருபவர் தனக்குத் தோன்றிய வேலையை மட்டும் காட்டுகிறார். அவர் விட்டது என்ன என்று அவருக்கும் தெரியாது, பார்க்கும் நமக்கும் தெரியாது. மகள் கேட்பதிலும் நியாயம் உண்டு: புது மாடல்களுக்கு அச்சில் கையேடு போடுவதை ஹெய்ன்ஸ் கம்பெனியே 2020-இல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பழைய மாடல்களுக்கான புத்தகங்கள் தொடர்கின்றன. பழைய வண்டிக்காரர்களான நமக்கு அந்த வகையில் கவலை இல்லை. செல்போனில் ஸ்கேன் பிரதி வைத்திருப்பவர்கள் வேலைக்கு வேண்டிய நாலு பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் கையோடு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்க முடியாது.

நான் வாங்கிய மாரிஸ் கையேட்டின் ஓரங்களில், எனக்கு முன் அதை வைத்திருந்த யாரோ பென்சிலால் தேதிகள் எழுதியிருக்கிறார். டேப்பெட் பக்கத்தில் நாலு தேதி, பிரேக் பக்கத்தில் ஆறு. ஒயரிங் படத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தின் மேல் இப்போது நான் சிவப்பு மையில் எங்கள் வண்டிக்கான மாற்றத்தைக் குறித்திருக்கிறேன். மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வீல் சிலிண்டர் வேலை. பக்கங்களை இரண்டு தடவை படித்தாகிவிட்டது. சிலிண்டர் மாற்றியபின் பிரேக் லைனிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். ட்யூபின் ஒரு முனையை ப்ளீடரில் மாட்டி, மறுமுனையைக் குப்பியிலுள்ள பிரேக் ஆயிலில் முங்க வைத்து, குமிழி நிற்கும்வரை பெடலை மிதித்து மிதித்து விட வேண்டும். கம்பெனிக் கையேடு, படக் கையேடு எதைத் திறந்தாலும் இந்த இடத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் தேவை என்று போட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். எண்பது வயதில் அவர் கேட்டது ஒன்றுதான், காலையிலேயே ஆரம்பித்துவிடலாமா என்று.